கிராஞ்சிச் சிற்றலையும் திறந்த நிரலும்

சிங்கப்பூரின் வடமேற்கு மூலையில், ஜோகூர் ஜலசந்தியை ஒட்டி, கிராஞ்சி என்னும் பகுதி இருக்கிறது. ஒருகாலத்தில் அலையாத்திச் செடிகள் அடர்ந்த சதுப்பு நிலம். 1975-இல் அங்கே ஆற்றின் முகத்துவாரத்தை அணைகட்டி மறித்து நன்னீர்த் தேக்கம் ஆக்கினார்கள். இரண்டாம் உலகப் போரில் மாண்டவர்களின் நினைவிடமும் கிராஞ்சியில்தான் உள்ளது. ஆனால் இன்று நாம் பேச எடுத்துக்கொண்டது வேறொன்று. 1970-களின் இறுதியிலிருந்து அதே கிராஞ்சியில் உயரமான இரும்புக் கோபுரங்களும், அவற்றிடையே திரைச்சீலை போலத் தொங்கிய கம்பி ஏரியல்களும் நின்றன. அது பி.பி.சி.யின் தூரகிழக்கு மறுஒலிபரப்பு நிலையம். அதற்கு முன்பு அந்நிலையம் ஜலசந்திக்கு அப்பால், ஜோகூரின் தெப்ராவில் இருந்தது. கிராஞ்சியிலிருந்து 250 கிலோவாட் வலிமையுள்ள சிற்றலைகள் ஆசியா எங்கும் பாய்ந்தன. 2023-இல் அந்த நிலையம் மூடப்பட்டது.

தோட்டங்களில் வாழ்ந்த நம் மூத்த தலைமுறைக்குச் சிற்றலை என்பது புதிய சொல் அன்று. மலையகத்து லயங்களிலும் மலாயாத் தோட்டப்புறங்களிலும் நாளிதழ் வந்து சேருமுன் செய்தி வந்து சேர்ந்தது வானொலிப் பெட்டியின் வழியாகத்தான். குமிழை மயிரிழை மயிரிழையாகத் திருகி, இரைச்சலுக்கு நடுவே ஒரு தமிழ்க் குரலைப் பிடிப்பதற்குத் தனிக் கைப்பழக்கம் வேண்டும். பி.பி.சி.யின் தமிழ் ஒலிபரப்பு 1941-இல் தொடங்கியது. 2017 வரை அதைச் சிற்றலையில் கேட்க முடிந்தது. சீன வானொலியின் தமிழ்ப் பிரிவு 1963-இல் தொடங்கியது. கேட்டவர்கள் எல்லாருக்கும் ஒரு புதிர் தெரியும். நேற்று மாலை கணீரென்று கேட்ட நிலையம் இன்று அதே நேரத்தில், அதே பெட்டியில், ஏன் கேட்கவில்லை? பெட்டியைத் தட்டிப் பார்த்திருப்போம். பேட்டரியை வெயிலில் காயவைத்துப் பார்த்திருப்போம். குற்றம் பெரும்பாலும் பெட்டியில் இல்லை, வானத்தில் இருந்தது.

நம் தலைக்கு மேலே ஏறத்தாழ 60 கிலோமீட்டர் உயரத்திலிருந்து பல நூறு கிலோமீட்டர் வரை, சூரிய ஒளி காற்றின் அணுக்களை மின்னூட்டம் பெறச் செய்கிறது. அந்தப் பகுதிக்கு அயனி மண்டலம் என்று பெயர். கிராஞ்சியிலிருந்து சாய்வாக மேலே செல்லும் சிற்றலை அங்கே வளைந்து, ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் மீண்டும் மண்ணுக்கு இறங்குகிறது. ஆனால் இந்தக் கூரை நிலையான கூரை அன்று. பகலில் அதன் கீழ் அடுக்கு குறைந்த அதிர்வெண்களை விழுங்கிவிடும். இரவில் மேல் அடுக்கு மெலிந்து, உயர்ந்த அதிர்வெண்களை ஓட்டைக் கூரைபோல் வெளியே விட்டுவிடும். பருவத்துக்குப் பருவம் மாறும். சூரியனில் தோன்றும் கரும்புள்ளிகளுக்கு ஏற்ப ஏறத்தாழ 11 ஆண்டுகளுக்கு ஒருமுறை ஏறி இறங்கும்.

இந்தக் கூரை இருக்கிறது என்று 1902-லேயே அமெரிக்காவில் கென்னலியும் இங்கிலாந்தில் ஹெவிசைடும் ஊகித்துச் சொன்னார்கள். நேரடியாக நிறுவியவர் எட்வர்டு ஆப்பிள்டன். 1924-ஆம் ஆண்டு டிசம்பரில் அவரும் அவருடைய துணைவர் பார்னெட்டும், இரவு ஒலிபரப்பு முடிந்த பிறகு, போர்ன்மத் ஊரில் இருந்த பி.பி.சி.யின் ஒலிபரப்பியை இயக்கச் செய்து, ஆக்ஸ்போர்டில் அமர்ந்து கேட்டார்கள். தரைவழி வந்த அலையும் வானில் பட்டுத் திரும்பிய அலையும் ஒன்றோடொன்று மோதிக் கூடிக் குறைவதைக் கொண்டு அந்த அடுக்கின் உயரத்தைக் கணக்கிட்டார்கள். ஆப்பிள்டனுக்கு 1947-இல் நோபல் பரிசு கிடைத்தது. பாட்டும் செய்தியும் கேட்பதற்கென்று வைத்த பொறி, வானத்தை அளக்கும் கோலாகவும் பயன்பட்டது என்பதை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம். பின்னால் நாம் சொல்லப்போவதெல்லாம் இதன் தொடர்ச்சிதான்.

ஒலிபரப்புகிறவருக்குப் பெரிய சங்கடம் ஒன்று உண்டு. தம் அலை எங்கே, எப்படி விழுகிறது என்பது அவருக்குத் தெரியாது. கிராஞ்சியில் கருவிப்பலகையின் முன் அமர்ந்திருந்த பொறியாளருக்கு, ஹட்டன் மலைச்சரிவில் ஒரு பெட்டி என்ன சொன்னது என்று எப்படித் தெரியும்? ஆகவே உலகின் பல வானொலி நிலையங்கள் நேயர்களிடமிருந்து கேட்புக் குறிப்புகளை வரவேற்றன. ‘சின்போ’ என்று ஐந்து இலக்கக் குறியீடு ஒன்று இருந்தது. குரலின் வலிமை, பிற நிலையத்தின் குறுக்கீடு, இரைச்சல், ஏறி இறங்கும் தன்மை, மொத்தத்தில் தெளிவு என ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். நாள், நேரம், அதிர்வெண், கேட்ட நிகழ்ச்சி ஆகியவற்றுடன் அந்த ஐந்து எண்களையும் ஓர் அஞ்சலட்டையில் எழுதி அனுப்பினால் போதும். சரிபார்த்த நிலையங்கள் பல, படம் அச்சிட்ட அட்டை ஒன்றைப் பதிலாக அனுப்பின. தமிழ் நேயர் மன்றங்களில் இப்படிச் சேர்த்த அட்டைகளைப் பொன்னேபோல் காத்தவர்கள் பலர். பொழுதுபோக்கு என்று நினைத்துத்தான் செய்தார்கள். ஆனால் அது அளவீடு.

அளவீடுகள் சேர்ந்தால் கணக்குப் போடலாம். எந்த மாதத்தில், எந்த மணியில், எந்த இரண்டு ஊர்களுக்கிடையே எந்த அதிர்வெண் எடுபடும் என்று முன்கூட்டிச் சொல்லும் கணினிக் கணக்குகள் அமெரிக்க அரசின் தொலைத்தொடர்பு ஆய்வுக்கூடத்தில் உருவாயின. அவற்றில் ஒன்றை எடுத்து, வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா வானொலி 1980-களில் தன் தேவைக்கேற்பச் செப்பனிடச் செய்தது. ‘வோகேப்’ என்று அதற்குப் பெயர். மக்கள் வரிப்பணத்தில் எழுதிய நிரல் ஆதலால் அதை யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்று விட்டுவிட்டார்கள்; நல்ல முடிவு. நிரல் என்றால் கணினி செய்யவேண்டிய வேலையை வரிவரியாக எழுதிவைத்த கட்டளைத் தொகுப்பு. அது உள்ளே என்ன கணக்கைப் போடுகிறது என்பதையும் படித்துப் பார்க்கலாம்.

அதைப் படித்துப் பார்ப்பதால் என்ன பயன்? தோட்டத்துக்காரர்களாகிய நமக்கு இதை விளக்கப் பெரிய உவமை தேவையில்லை. கொழுந்து நிறுக்கும் தராசை நினைத்துக்கொள்வோம். கூடைக்கு இவ்வளவு, ஈரத்துக்கு இவ்வளவு என்று கழித்த பிறகு கணக்கப்பிள்ளை ஓர் எண்ணைச் சொல்கிறார். தராசு நம் கண் முன்னே இருந்தால், முள் எங்கே நிற்கிறது என்று பார்க்கலாம். கழிவு எவ்வளவு என்று கேட்கலாம். தராசு சுவருக்கு அப்பால் இருந்து, எண் மட்டும் சன்னல் வழியே வந்தால், நம்புவதைத் தவிர வேறு வழியில்லை. மூடிய மென்பொருள் சுவருக்கு அப்பால் உள்ள தராசு. திறந்த மென்பொருள் களத்தின் நடுவே தொங்கும் தராசு. அறிவியலுக்கு இரண்டாவதுதான் பொருந்தும். ஓர் ஆய்வாளர் பெற்ற விடையை வேறொருவர் வேறோர் ஊரில் சரிபார்க்க முடிய வேண்டும் அல்லவா?

இப்போது கதையின் நடுவிடத்துக்கு வருகிறோம். ஜோசப் டெய்லர் என்பவர் அமெரிக்க வானியல் அறிஞர். 1974-இல் அவரும் அவருடைய மாணவர் ரஸ்ஸல் ஹல்ஸும் போர்ட்டோ ரிக்கோ தீவின் அரெசிபோ தொலைநோக்கியைக் கொண்டு, ஒன்றையொன்று சுற்றும் இரட்டை விண்மீன்களில் ஒரு துடிப்பு விண்மீனைக் கண்டுபிடித்தார்கள். அதற்காக 1993-இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. அந்த விண்மீனின் துடிப்பு இரைச்சலுக்கு அடியில் புதைந்து கிடந்தது. புதைந்ததைத் தோண்டி எடுப்பது டெய்லரின் கைவந்த கலை. அவர் சிறுவயது முதலே அமெச்சூர் வானொலிக்காரரும் ஆவார். உரிமம் பெற்று, வீட்டிலிருந்து சிறு ஒலிபரப்பியின் மூலம் பிறருடன் பேசுபவர்களை ‘ஹாம்’ என்பார்கள் அல்லவா, அவர்களில் ஒருவர். விண்மீனுக்குப் பயன்பட்ட அதே நுணுக்கத்தை எளியவர்களின் வானொலிக்கும் பயன்படுத்தினால் என்ன என்று எண்ணி, 2001-இல் ‘டபிள்யூ.எஸ்.ஜே.டி.’ என்னும் நிரலை வெளியிட்டார். 2005-இல் அதன் மூல வரிகள் முழுவதையும் திறந்துவிட்டார்.

2008-இல் அதே குடும்பத்தைச் சேர்ந்த ‘விஸ்பர்’ வந்தது. ஆங்கிலத்தில் அந்த ஒலிக்குக் கிசுகிசுத்தல் என்று பொருள், பெயருக்கேற்ற செயல். ஒரு நிலையம் தன் அடையாளப் பெயர், தான் இருக்கும் கட்டம், தன் வலிமை ஆகிய மூன்றை மட்டும், ஏறத்தாழ இரண்டு நிமிடம் எடுத்துக்கொண்டு, மிக மெதுவாகச் சொல்கிறது. உலகப்படத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்திருக்கிறார்கள்: சிங்கப்பூர் இருப்பது ‘ஓஜே11’, ஹட்டன் இருப்பது ‘என்ஜே06’. காதுக்கு எதுவுமே கேட்காத இரைச்சலிலிருந்து கணினி அந்தச் செய்தியைப் பிரித்தெடுக்கிறது. 0.2 வாட் மின்சக்தியில் அனுப்பிய செய்தி கடல் தாண்டிப் பிடிபடுவது அன்றாடம் நடக்கிறது. கிராஞ்சியின் 250 கிலோவாட், இதைப்போல் பன்னிரண்டரை லட்சம் மடங்கு! கேட்ட ஒவ்வொரு கணினியும் கேட்ட செய்தியை உடனே பொதுப் பதிவேட்டுக்கு அனுப்பிவிடும். அப்பதிவேட்டில் இன்று நூறு கோடிக்கும் மேற்பட்ட வரிகள் இருக்கின்றன. நம் பெரியவர்கள் எழுதிய அஞ்சலட்டைதான் இது. எழுதுவது மட்டும் இயந்திரம்.

டெய்லர் ஒருவரே இதைச் செய்து முடிக்கவில்லை. திறந்துவிட்ட பிறகு பலர் கைகொடுத்தார்கள். 2017-இல் வந்த ‘எஃப்டி8’ என்னும் முறையில் உள்ள முதல் எழுத்து, டெய்லருடன் சேர்ந்து அதை வகுத்த ஸ்டீவ் ஃபிராங்கியைக் குறிக்கிறது. அடுத்த எழுத்து டெய்லரை. திரையில் தோன்றும் சொற்களை ஸ்பானியம், ஜப்பானியம், கட்டலான் முதலிய மொழிகளில் பெயர்த்துத் தந்தவர்கள் அதைப் பயன்படுத்தியவர்களே. பயணத்தின் இன்னொரு கிளை நமக்கு மேலும் சுவையானது. லாத்வியா நாட்டு நிரலர் ஒருவர், பெரிய கணினி இல்லாமல் சின்னஞ்சிறு சில்லிலும் இம்முறை இயங்குமாறு அதைச் சுருக்கமாக எழுதி வெளியிட்டார். அந்த நிரல் ஐதராபாத்துக்கு வந்து சேர்ந்தது.

ஐதராபாத்தில் இருப்பவர் அஷர் ஃபர்ஹான். இந்திய ஹாம்களுக்கு வெளிநாட்டுக் கருவிகள் எட்டாக்கனியாக இருந்ததைக் கண்ட அவர், 2000-களின் தொடக்கத்தில், உள்ளூர்ச் சந்தையில் கிடைக்கும் பாகங்களைக் கொண்டே கட்டக்கூடிய ‘பிட்எக்ஸ்’ என்னும் சிற்றலைக் கருவியை வடிவமைத்தார். வரைபடத்தை மறைக்காமல் வெளியிட்டார். உலகெங்கும் ஆயிரக்கணக்கானோர் அதைப் பார்த்துத் தாமே கட்டிக்கொண்டார்கள். குறைகண்டவர்கள் திருத்தி எழுதினார்கள். அந்தத் திருத்தங்கள் அடுத்த வடிவத்தில் ஏறின. பின்னர் பாகங்களாக விற்கத் தொடங்கியபோது, கம்பிச் சுருள்களைக் கையால் சுற்றும் வேலையை ஐதராபாத்தின் பெண்கள் குழு ஒன்று செய்தது. 2020-களில் வந்த ‘எஸ்பிட்எக்ஸ்’ கருவிக்குள், லாத்வியாவில் எழுதிய அந்தச் சிறு நிரல் இயங்குகிறது. பிரின்ஸ்டனில் ஒருவர் சிந்தித்தது, லாத்வியாவில் சுருங்கி, ஐதராபாத்தில் பெட்டிக்குள் ஏறியிருக்கிறது. இவர்கள் ஒருவரையொருவர் அனுமதி கேட்டு வரிசையில் நிற்க வேண்டியிருக்கவில்லை.

தமிழர்களும் இத்தகைய பணியில் முன்பே இறங்கியிருக்கிறார்கள். திருச்சியில் பொறியியல் படித்த முத்து அண்ணாமலை, அமெரிக்காவில் ஆய்வு மாணவராக இருந்தபோது, ‘ஆக்டேவ்’ என்னும் திறந்த அறிவியல் மென்பொருளுக்குச் செய்தியைச் சுருக்கும் கணக்குகளை 2006-ஆம் ஆண்டையொட்டி எழுதிக் கொடுத்தார். தமிழ்ச் சொற்களிலேயே நிரல் எழுதும் ‘எழில்’ மொழியை உருவாக்கியவரும் இவரே. சென்னை ஐ.ஐ.டி.யில் விமானவியல் ஆய்வு செய்த பிரபு ராமச்சந்திரன், எண் குவியல்களை முப்பரிமாணப் படமாகக் காட்டும் ‘மாயாவி’ நிரலை 2001-இல் வெளியிட்டார். பெயரே நம் கதைகளிலிருந்து எடுத்தது.

இங்கே ஒரு கேள்வி எழும், எழவேண்டும். கூலியில்லாமல் வேலை செய்யச் சொல்கிறார்களே, இது என்ன நியாயம்? தோட்டத்து மக்கள் கூலியில்லா உழைப்பை நன்கு அறிந்தவர்கள். ‘எல்லாருக்கும் நன்மை’ என்று சொல்லி வாங்கிய உழைப்பு யாருடைய பெட்டிக்குள் போய்ச் சேர்ந்தது என்பதும் நமக்குத் தெரியும். ஆகவே சந்தேகப்படுவது தவறில்லை. விடை உரிமப் பத்திரத்தில் இருக்கிறது. டெய்லரின் நிரல் ‘ஜி.பி.எல்.’ என்னும் பொது உரிமத்தின்கீழ் வெளிவந்தது. ரிச்சர்டு ஸ்டால்மன் 1989-இல் வகுத்த பத்திரம் அது. அதன் சாரம் இதுதான்: யாரும் எடுக்கலாம், படிக்கலாம், மாற்றலாம், விற்கவும் விற்கலாம், ஆனால் மாற்றியதைப் பிறருக்குக் கொடுக்கும்போது மூல வரிகளையும் அதே உரிமையோடு கொடுத்தாக வேண்டும். நாம் களத்தில் கொட்டிய கொழுந்தை ஒருவர் தம் கிடங்கில் அடைத்துப் பூட்டுப்போட முடியாது. இந்த ஒரு நிபந்தனை இல்லையென்றால் நாமும் இதை உங்களுக்குப் பரிந்துரைக்கத் தயங்கியிருப்போம். எல்லாத் திறந்த மென்பொருளுக்கும் இதே உரிமம் இல்லை என்பதையும் சொல்லிவைக்கிறோம். சிலவற்றை எடுத்து மூடி விற்கலாம். சேருமுன் பத்திரத்தைப் படிக்கவேண்டும்.

இன்னொன்றும் உண்டு. ஓய்வுபெற்ற பேராசிரியருக்கு நேரம் இருக்கிறது. எட்டு மணி நேரம் மலையேறிக் கொழுந்து பறித்தவருக்கு அது இல்லை. ஆகையால் பங்களிப்பு என்றாலே நிரல் எழுதுவது என்று எண்ணிவிடக் கூடாது. எந்தத் திறந்த மென்பொருளிலும் அதிகம் தேவைப்படுவது நல்ல குறைக்குறிப்பு. ‘ஓடவில்லை’ என்று எழுதினால் யாருக்கும் பயனில்லை. எந்தப் பதிப்பு, எந்தக் கணினி, என்ன செய்தோம், என்ன வரும் என்று எதிர்பார்த்தோம், என்ன வந்தது என்பவற்றை எழுதவேண்டும். சின்போவின் ஐந்து எண்களை ஒழுங்காக எழுதிப் பழகியவருக்கு இது கைவந்த காரியம். பள்ளியில் கணினி வந்துள்ள தோட்டத்துப் பிள்ளைகள் இதிலிருந்தே தொடங்கலாம். விளக்கக் குறிப்பில் புரியாத பத்தியைச் சுட்டிக்காட்டுவதும் பங்களிப்பே. தமிழில் பெயர்ப்பதும் அப்படியே. வானொலியில் செய்தி அனுப்புவதற்குத்தான் அரசின் தேர்வும் உரிமமும் வேண்டும். விஸ்பர் பதிவேட்டில் கேட்பவர்களாக மட்டும் இருந்து குறிப்பு அனுப்புவோர் ஏராளம்.

நம்முடைய குறிப்புக்குத் தனி மதிப்பு உண்டு என்று சொன்னால் அது முகத்துதி அன்று. பூமியின் காந்த நடுக்கோடு தென்னிந்தியாவின் தென்முனையை ஒட்டிச் செல்கிறது. 1963 நவம்பர் 21-ஆம் நாள் இந்திய மண்ணிலிருந்து முதல் ஆய்வு ராக்கெட் தும்பாவில் ஏவப்பட்டதற்கு அதுவே காரணம். அந்தக் கோட்டை ஒட்டிய பகுதிகளில் அயனி மண்டலம் தனிப்போக்கு உடையது. கரும்புள்ளிகள் மிகுந்த ஆண்டுகளில், மார்ச், ஏப்ரல் மாதங்களிலும் செப்டம்பர், அக்டோபர் மாதங்களிலும், பொழுது சாய்ந்த பின் மேல் அடுக்கு கொதிக்கும் பால்போல் குமிழிடும்; சிற்றலைக் குரல் படபடவென்று துடிக்கும். மலையகத்தில் பெட்டி வைத்திருந்தவர்கள் அந்தத் துடிப்பைக் கேட்டிருப்பார்கள். ஆனால் பதிவேட்டுக்குக் குறிப்பு அனுப்பும் நிலையங்களோ ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் நெருக்கமாகவும், வெப்பமண்டலத்தில் அங்கொன்றும் இங்கொன்றுமாகவும் இருக்கின்றன. அவ்விடங்களில் ஆயிரமாவது குறிப்பு சொல்லாததை இங்கிருந்து செல்லும் பத்தாவது குறிப்பு சொல்லக்கூடும்.

2017 ஆகஸ்ட் 21-ஆம் நாள் அமெரிக்காவின் குறுக்கே முழுச் சூரிய கிரகணம் சென்றபோது, அந்நாட்டு ஹாம்கள் பெருந்திரளாக வானொலியில் அமர்ந்தார்கள். சூரியன் மறைந்த அந்தச் சிறுபொழுதில் அயனி மண்டலம் எப்படி மெலிந்தது என்பதை அவர்களின் பதிவுகளிலிருந்து அறிஞர்கள் ஆராய்ந்தார்கள். 2018-இல் ஆய்வுக் கட்டுரை வெளிவந்தது. நம் பக்கத்திலும் இத்தகைய நாள் வந்து போனது. 2019 டிசம்பர் 26 அன்று வளைய கிரகணம் கோவை, கரூர், திண்டுக்கல் வட்டாரங்களின் மேலாக வந்து, யாழ்ப்பாணத்தைத் தொட்டு, கடலைக் கடந்து பிற்பகலில் சிங்கப்பூரைச் சேர்ந்தது. அன்று கிராஞ்சியின் கோபுரங்கள் இன்னும் ஒலிபரப்பிக்கொண்டிருந்தன. அடுத்த வளைய கிரகணம் 2031 மே 21-ஆம் நாள் தென்னிந்தியாவையும் இலங்கையையும் மலேசியாவையும் கடக்க இருக்கிறது. இன்று ஐந்தாம் வகுப்பில் படிக்கும் பிள்ளை அன்றைக்கு உயர்நிலைப் பள்ளியில் இருக்கும். ஒரு சிற்றலை வாங்கி, ஒரு கணினி, கூரையிலிருந்து மரத்துக்கு இழுத்துக் கட்டிய ஒரு கம்பி ஆகியவை அந்தக் குறிப்பை எடுக்கப் போதும்.